உயரம் மட்டுமே அளவுகோலா?

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர், அதாவது பத்தடி உயரத்தில் இருக்கிறது. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை வகுத்தபோது, உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் பழக்கூடையை மாட்டினார். அந்தக் கைப்பிடி இருந்த உயரமே இன்றுவரை நீடிக்கிறது. தற்செயலாக அமைந்த அந்தப் பத்தடிதான் கூடைப்பந்தை 'உயரமானவர்களின் ஆட்டம்' ஆக்கியது. அதிலும் வளையத்தின் அடியில் நின்று அரணாகக் காக்கும் 'சென்டர்' என்னும் இடம், அணியிலேயே மிக உயரமானவருக்கு உரியது என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது.

இந்த விதி எந்த அளவுக்கு உண்மை? உயரம் குறைந்த, ஆனால் தடுப்பாட்டத்தில் வல்லவரான ஒருவர் தொழில்முறைக் கூடைப்பந்தில் சென்டராக நிலைத்து ஆட முடியுமா? இது விளையாட்டு ஆர்வலர்களின் பொழுதுபோக்கு விவாதம்போலத் தோன்றலாம். ஆனால் மரக்காணம் உப்பளக் கரையில் வளரும் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ இது வாழ்வாதாரம் சார்ந்த கேள்வி.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி செல்வோர் மரக்காணத்தில் வெண்ணிறக் குவியல்களாக உப்பைக் கண்டிருப்பார்கள். வெயில் காயும் மாதங்களில் மட்டுமே அங்கு விளைச்சல். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும், கூலியும் நின்றுபோகும். ஆண்டில் சில மாதங்கள் வருமானமே இல்லாத குடும்பங்களுக்கு அரசு விளையாட்டு விடுதியில் கிடைக்கும் ஓர் இடம் என்பது மூன்று வேளை உணவு, தடையில்லாக் கல்வி, பின்னர் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, அதன்பின் ஒரு நிரந்தர வேலை என்று நீளும் ஏணியின் முதற்படி.

நம் நாட்டில் தொழில்முறைக் கூடைப்பந்து என்பது பெரும்பாலும் அந்த நிரந்தர வேலைதான். 2015-இல் தொடங்கிய யுபிஏ லீக் சில பருவங்களிலேயே நின்றுபோனது. பின்னர் வந்த ஐஎன்பிஎல் போட்டியில் சென்னை ஹீட் போன்ற அணிகள் ஆடுகின்றன. ஆனால் வீரர்களின் குடும்பத்தை இன்றும் காப்பாற்றுவது இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில்வே, சுங்கத்துறை, வருமான வரித்துறை, காவல்துறை போன்ற நிறுவனங்களின் அணிகளில் கிடைக்கும் பணியே. தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. எனவே தேர்வு முகாமின் வாசலில் நீட்டப்படும் அளவுநாடா, ஒரு வீரரின் ஆட்டத்தை மட்டுமல்லாமல் ஒரு குடும்பத்தின் வருங்காலத்தையும் சேர்த்தே அளக்கிறது.

முதலில், சென்டரின் தடுப்பாட்டப் பணி என்ன என்பதைப் பிரித்துப் பார்ப்போம். வளையத்தை நோக்கி வரும் பந்தைத் தடுப்பது ஒன்று. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது இரண்டாவது. முதுகைக் காட்டி நெருக்கி வரும் எதிரணியின் பெரிய ஆட்டக்காரரைத் தள்ளி நிறுத்துவது மூன்றாவது. எதிரணியினர் திரை அமைத்துத் தடுப்பாளர்களைக் குழப்பும்போது, வளையத்தை விட்டு வெளியே வந்து விரைவான சிறிய ஆட்டக்காரரையும் எதிர்கொள்வது நான்காவது.

இவற்றில் முதல் பணிக்கு உயரம் மிகவும் தேவை. இரண்டாவது பணியில் உயரம் உதவும். ஆயினும் எதிராளியை முதுகால் மறித்துப் பந்து விழும் இடத்தை முன்னதாகவே பிடித்துக்கொள்பவருக்கே வாய்ப்பு அதிகம். மூன்றாவது பணியைத் தீர்மானிப்பவை இடுப்பின் வலிமையும் காலூன்றும் உறுதியும். இங்கே உடலின் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பது நன்மை. நான்காவது பணியில் அதிக உயரம் பல நேரங்களில் சுமையாகிவிடுகிறது. ஆக, உயரம் என்பது நான்கில் ஒன்றுக்கு அடிப்படை, ஒன்றுக்குத் துணை, மற்ற இரண்டுக்கு இன்றியமையாதது அன்று.

வரலாறு இதை உறுதிசெய்கிறது. அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் வெஸ் அன்செல்ட் 6 அடி 7 அங்குல (201 செ.மீ.) உயரமே கொண்ட சென்டர். அவர் மோதவேண்டியிருந்தவர்களோ 7 அடி 1 அங்குலமுள்ள வில்ட் சேம்பர்லின், 7 அடி 2 அங்குலமுள்ள கரீம் அப்துல் ஜப்பார் போன்றோர். தம் முதல் பருவமான 1968-69-இலேயே சிறந்த புதுமுக வீரர், மதிப்புமிக்க வீரர் ஆகிய இரு விருதுகளையும் அன்செல்ட் வென்றார். அவருக்கு முன் அந்தச் சாதனையைச் செய்திருந்தவர் சேம்பர்லின் மட்டுமே.

பென் வாலஸ் 6 அடி 9 அங்குலம் (206 செ.மீ.) என்று பதிவானவர். 1996-ஆம் ஆண்டு வீரர்கள் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அவரே பின்னாளில் 2002, 2003, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றார். 2004 இறுதிச் சுற்றில் ஷகீல் ஓ'நீலின் லேக்கர்ஸ் அணியை டெட்ராய்ட் 4-1 என்று வீழ்த்தியபோது அந்த அணியின் அரண் வாலஸ். கடைசி ஆட்டத்தில் அவர் கைப்பற்றிய ரீபவுண்டுகள் 22.

இவை பழைய கதைகள் என்று கருதுவோருக்கு 2015 இறுதிச் சுற்றை நினைவூட்டலாம். கிளீவ்லேண்டுக்கு எதிராக 1-2 என்று பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட் அணி, நான்காவது ஆட்டத்தில் ஏழடி உயரமுள்ள ஆண்ட்ரூ போகட்டுக்குப் பதிலாக ஆண்ட்ரே இகுவோடாலாவை முதல் ஐவரில் இறக்கியது. 6 அடி 6 அங்குலம் (198 செ.மீ.) கொண்ட டிரேமண்ட் கிரீன் சென்டரானார். கிளீவ்லேண்டின் ஏழடி ஓரங்குல டிமோஃபி மோஸ்கோவ் அன்று 28 புள்ளிகள் குவித்தார். உயரக் குறைவின் விலையை கோல்டன் ஸ்டேட் கொடுக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்த ஆட்டத்தை அது 103-82 என்று வென்றது. வேகத்துக்கும் தொலைவிலிருந்து எறியப்படும் பந்துகளுக்கும் கிளீவ்லேண்டால் ஈடுகொடுக்க இயலவில்லை. அடுத்த ஆட்டத்தில் மோஸ்கோவ் களத்தில் இருந்தது வெறும் ஒன்பது நிமிடங்கள். கோல்டன் ஸ்டேட் 4-2 என்று கோப்பையைக் கைப்பற்றியது.

பொருளியல் மாணவர்கள் இதை எளிதாக உணர்வார்கள். ஒரு முடிவின் செலவை மட்டும் பார்த்தால் போதாது. அதனால் கிடைக்கும் வரவையும் சேர்த்துப் பார்த்து நிகர விளைவைக் கணக்கிட வேண்டும். டேவிட் ரிக்கார்டோ 1817-இல் விளக்கிய ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடும் இங்கே பொருந்தும். ஓர் அணி எதிரணிக்கு நிகரான உயரத்தைத் தேடி, இரண்டாந்தரமான உயரமானவரைக் களமிறக்குவதைவிட, தன்னிடம் சிறப்பாக உள்ள விரைவையும் பந்தைப் பகிரும் திறனையும் முன்னிறுத்தினால் எதிரணியைத் தன் வழிக்கு இழுக்க முடியும்.

எனினும், வெற்றி பெற்றவர்களை மட்டுமே எண்ணிப் பார்த்து முடிவுக்கு வருவது புள்ளியியலில் பெரும் பிழை. வாலஸைப்போல முயன்று காணாமற்போனவர்களின் பட்டியல் நம் கண்ணில் படுவதில்லை. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 2024 வரை நான்கு முறை பெற்றவர்கள் மூவர். வாலஸ் ஒருவர், மற்ற இருவரான டிகெம்பே முட்டோம்போ, ரூடி கோபே ஆகியோர் ஏழடியைக் கடந்தவர்கள்.

எச்சரிக்கையாக ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் சோதனையும் நம்முன் உள்ளது. 2020 பிப்ரவரியில் அந்த அணி தன் உயரமான சென்டர் கிளின்ட் கபேலாவை வேறு அணிக்கு மாற்றிவிட்டு, 6 அடி 5 அங்குலமுள்ள பி.ஜே. டக்கரை அந்த இடத்தில் நிறுத்தியது. அவ்வாண்டு இரண்டாம் சுற்றில் லேக்கர்ஸிடம் 1-4 என்று தோற்று வெளியேறியது. இதில் நுட்பமான ஒரு பாடம் இருக்கிறது. ஹூஸ்டனை எதிர்கொள்ள லேக்கர்ஸ் தன் வழக்கமான பெரிய சென்டர்களைப் பெரும்பாலும் அமரவைத்துவிட்டு, உயரமும் விரைவும் ஒருங்கே கொண்ட ஆண்டனி டேவிஸை அங்கே பயன்படுத்தியது. அடுத்த சுற்றில் டென்வரின் நிகோலா யோகிச்சைச் சந்தித்தபோது, அதே லேக்கர்ஸ் வலிய உடற்கட்டுள்ள டுவைட் ஹோவர்டை மீண்டும் களத்துக்கு அழைத்தது. எந்த உடலமைப்பு தேவை என்பதை எதிரில் நிற்பவரே பெரிதும் தீர்மானிக்கிறார்.

ஆகவே, கேள்விக்கு 'முடியும்' என்பதே விடை. ஆனால் மூன்று நிபந்தனைகளுடன். முதலாவதாக, உயரக் குறைவை ஈடுசெய்யும் வேறொன்று உடலில் இருக்க வேண்டும். கை விரிப்பு அவற்றுள் தலையாயது. கிரீனின் இரு கைகளையும் விரித்து அளந்தால் ஏழடியைத் தாண்டும். இரண்டாவதாக, பக்கத்தில் துணை வேண்டும். வாலஸின் அருகே 6 அடி 11 அங்குலமுள்ள ரஷீத் வாலஸ் நின்றார் என்பதை மறக்கலாகாது. எதிரணியின் பெரியவருக்கு முன்னால் நின்று பந்து வராமல் மறிக்கும் குட்டையான சென்டருக்கு, தலைக்குமேல் வீசப்படும் பந்தைக் கவனிக்கப் பின்னால் ஒருவர் தேவை. மூன்றாவதாக, தாக்குதலில் அவர் அணிக்குப் பாரமாக இருக்கக்கூடாது. பந்தைப் பகிரவோ தொலைவிலிருந்து எறியவோ தெரிந்திருந்தால்தான் எதிரணியின் உயரமானவர் வளையத்தை விட்டு வெளியே இழுக்கப்படுவார்.

ஆட்ட விதிகளின் பங்கையும் கருத வேண்டும். உயரத்தின் ஆதிக்கத்தை விதிகளால் கட்டுப்படுத்தக் கூடைப்பந்து நிர்வாகிகள் பலமுறை முயன்றனர். ஜார்ஜ் மைக்கனின் ஆதிக்கத்தைக் குறைக்க 1951-இல் வளையத்தின் அடியிலுள்ள பகுதி ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக அகலப்படுத்தப்பட்டது. சேம்பர்லின் காலத்தில், 1964-இல், அது பதினாறடியானது. வாலிபால் இன்னும் துணிச்சலான முடிவை எடுத்தது. 1998-இல் 'லிபரோ' என்னும் தடுப்பாட்டக்காரரைப் பன்னாட்டு விதிகளில் சேர்த்தது. தாக்குதலில் பங்கின்றிப் பந்தை மீட்பதையே வேலையாகக் கொண்ட அந்த இடம், உயரம் குறைந்த பல வீரர்களுக்கு உலக அரங்கின் கதவைத் திறந்தது. நம் கடற்கரைக் கிராமங்களில் வாலிபால் ஆடும் இளைஞர்கள் லிபரோவின் மதிப்பை நன்கு அறிவார்கள். கூடைப்பந்தில் அத்தகைய விதிவழி இட ஒதுக்கீடு இல்லை. குட்டையான தடுப்பாளர் தம் இடத்தைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுப் போட்டிகள் ஃபிபா எனப்படும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கின்றன. என்பிஏ ஆட்டத்தில் எவரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தின் அடியில் மூன்று நொடிகளுக்கு மேல் தடுப்பாளர் நிற்க முடியாது. ஃபிபா விதிகளில் அந்தத் தடை இல்லை. வளையத்தில் பட்ட பந்தை அது வளையத்தின் மேலேயே இருக்கும்போது தட்டிவிடவும் ஃபிபா அனுமதிக்கிறது. இவ்விரண்டும் உயரமானவருக்குச் சாதகம். ஆனால் முதல் விதி குட்டையான சென்டருக்கும் ஒருவகையில் கைகொடுக்கும். அவருக்குத் துணையாகச் சக வீரர் ஒருவர் வளையத்தருகே நிலையாக நின்றுகொள்ளலாம். எனவே ஐவரும் ஒன்றிணைந்து பகுதி காக்கும் தடுப்பாட்டத்தை நன்கு பயின்ற அணிக்கு இங்கே வாய்ப்பு மூடப்படவில்லை.

உயரம் மட்டும் எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. பஞ்சாபின் பல்லோகே கிராமத்து உழவர் குடும்பத்தைச் சேர்ந்த சத்னம் சிங், 7 அடி 2 அங்குல உயரத்தால் சிறுவயதிலேயே கவனிக்கப்பட்டார். லூதியானா அகாதெமியிலும் பின்னர் அமெரிக்காவிலும் பயின்ற அவரை 2015-இல் டல்லஸ் மேவரிக்ஸ் 52-ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவிலிருந்து அவ்வாறு தேர்வான முதல் வீரர் அவர், பெருமைக்குரிய செய்திதான். ஆனால் என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. எவராலும் தேர்வு செய்யப்படாத வாலஸ் நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர். தேர்வு செய்யப்பட்ட சத்னமுக்கோ கதவு திறந்தது, ஆனால் உள்ளே இருக்கை கிடைக்கவில்லை. குறை அந்த இளைஞருடையது அன்று. ஒற்றை அளவுகோலின் எல்லை அது.

இதற்காக உயரமானவர்களைத் தேடுவதைக் கைவிட வேண்டும் என்பதில்லை. 2014-இல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் சீனாவை இந்தியா வென்றபோது, அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் போன்ற உயரமானவர்கள் அணியில் இருந்தார்கள். உயரம் ஒரு செல்வம். அதை வீணாக்கக் கூடாது. ஆனால் அதை நுழைவுச் சீட்டாக மாற்றினால்தான் சிக்கல்.

சிக்கலின் வேர் வயதில் இருக்கிறது. விடுதிகளுக்கான தேர்வு பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நடக்கிறது. சிறுமியருக்கு ஏறத்தாழ பன்னிரண்டு வயதிலும் சிறுவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிலும்தான் வளர்ச்சி வேகம் உச்சத்தை எட்டும். ஆளுக்கு ஆள் இது ஓரிரு ஆண்டுகள் முன்பின் ஆகும். ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்குப் பருவமடைதல் தாமதமாகும். ஆகவே அந்த வயதில் அளக்கப்படும் உயரம், யார் முந்தி வளர்ந்தார் என்பதைக் காட்டுமே தவிர யார் உயரமாக வளர்வார் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லாது. மேலே குறிப்பிட்ட ஆண்டனி டேவிஸே பள்ளிக் காலத்தில் ஒன்றரை ஆண்டுக்குள் ஏறத்தாழ எட்டு அங்குலம் வளர்ந்தவர். அதுவரை அவர் பந்தைத் தட்டிச் செல்லும் சிறிய ஆட்டக்காரர்.

இதைவிட முக்கியமானது, உயரம் பெற்றோரின் மரபால் மட்டும் வருவதன்று என்பது. தட்டில் விழும் உணவாலும் வருவது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டளவில் இது 35.5 விழுக்காடு. நம் மாநிலம் மேலான நிலையில் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அதில் பங்குள்ளவை. ஆயினும் நான்கில் ஒரு குழந்தை குன்றிய வளர்ச்சியுடன் இருக்கும் மாநிலத்தில், உயரத்தை முதற்சல்லடையாக வைப்பது மறைமுகமாகக் குடும்ப வருமானத்தைச் சல்லடையாக வைப்பதாகும். மழைக்காலத்தில் அடுப்பு எரியாத வீட்டுக் குழந்தை, தான் செய்யாத குற்றத்துக்காக இரண்டாம் முறை தண்டிக்கப்படுகிறது.

பொருளியலில் இதற்கு 'புள்ளியியல் சார்ந்த பாகுபாடு' என்று பெயர். 1972-இல் எட்மண்ட் ஃபெல்ப்ஸ் இதை விளக்கினார். ஒருவரின் திறனை அளப்பது செலவும் சிரமமும் பிடிக்கும் வேலையாக இருக்கும்போது, எளிதில் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தை வைத்து முடிவெடுக்கிறோம். முடிவெடுப்பவரிடம் வன்மம் இல்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்க்கவேண்டிய பயிற்சியாளரின் நெருக்கடி நமக்குப் புரிகிறது. ஆனால் நோக்கம் தூய்மையாக இருப்பதால் விளைவு நியாயமாகிவிடாது.

இதற்கு மறுபக்கமாக இன்னொரு மயக்கமும் உண்டு. உப்பளத்தில் உழைத்து வளர்ந்த பிள்ளைகளின் உடல் இரும்பாக இருக்கும் என்று சிலாகிப்போர் இருக்கிறார்கள். கொளுத்தும் வெயிலில் உப்பு நீரில் நிற்கும் உழைப்பைப் பயிற்சியாகப் போற்றுவது இரக்கமற்ற செயல். வேண்டியது வறுமைக்கு வாழ்த்துப்பா அன்று. திறனை நேர்மையாக அளக்கும் முறை.

அதற்குப் பெரும் செலவு தேவையில்லை. தேர்வு முகாம்களில் உயரத்துடன் கை விரிப்பையும், கையை மேலே நீட்டினால் எட்டும் உயரத்தையும் அளக்கலாம். அதற்கும் அதே அளவுநாடா போதும். பக்கவாட்டில் நகரும் விரைவைச் சோதிக்க ஒரு கடிகாரமும் சில கூம்புகளும் போதும். இருவருக்கிருவர், மூவருக்குமூவர் ஆட்டங்களில் சில நிமிடங்கள் ஆடவைத்து, யார் பந்து விழும் இடத்தை முன்னுணர்கிறார், யார் துணைக்கு ஓடுகிறார் என்று குறிக்கலாம். பெற்றோரின் உயரத்தையும் உட்கார்ந்த நிலை உயரத்தையும் கொண்டு எதிர்கால வளர்ச்சியை மதிப்பிடும் முறைகள் விளையாட்டு அறிவியலில் புதியவை அல்ல. பன்னிரண்டு வயதில் விடுபட்டவர்களுக்குப் பதினைந்து வயதில் இரண்டாம் வாய்ப்பு தரும் பக்கவாட்டு நுழைவு வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் வட்டாரந்தோறும் வீரர்களைத் திரட்டுகின்றன; அங்கு தடுப்பாட்டத்தில் சிறப்போரைத் தனியே குறித்துவைப்பது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு இயலாத காரியம் அன்று.

இதில் அணிகளுக்கும் ஆதாயம் உண்டு. உயரமானவர்கள் மிகக் குறைவாகவே பிறக்கும் மண்ணில் எல்லா அணிகளும் அந்தச் சிலரையே துரத்துகின்றன. கை நீண்ட, கால் விரைந்த, களத்தைப் படிக்கத் தெரிந்த தடுப்பாளர்களோ கவனிப்பாரின்றிக் கிடக்கிறார்கள். சந்தை குறைத்து மதிப்பிட்ட வளத்தை முதலில் அறிந்துகொள்பவருக்கே பலன் மிகுதி. 1920-இல் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பட்ட சென்னை, இந்தியக் கூடைப்பந்தின் பழம்பெரும் நாற்றங்கால்களுள் ஒன்று. இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை இங்கிருந்து எழுந்தவரே. புதிய அளவுகோல் ஒன்றை வகுத்துக் காட்ட இந்த மாநிலத்துக்குத் தகுதி உண்டு.

உயரம் குறைந்த எல்லோரும் சென்டராக முடியாது. சிலரால் முடியும், அந்தச் சிலர் யார் என்பதை ஆடவிட்டுப் பார்த்தால்தான் அறிய முடியும். மரக்காணத்துப் பிள்ளைக்கு நாம் தரவேண்டியது சலுகை அன்று, களத்தில் பத்து நிமிடங்கள். அளவுநாடாவைச் சுருட்டி வைப்பதற்கு முன் அந்தப் பத்து நிமிடங்களைத் தர நம் தேர்வாளர்கள் முன்வர வேண்டும்.